வெள்ளிக்கிழமைப் புகை

என் வயதுக்காரிகளே, ஒரு விஷயம் சொல்லப்போகிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, டாண்டினோங்கில் நல்ல சாம்பிராணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தாள். பத்துப் பேர் பத்துக் கடையைச் சொன்னீர்கள். ஒருத்தி கடையின் படத்தையும் போட்டாள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் கதை நீளும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது நீட்டித்தான் எழுதுகிறேன்.

நானும் ஐம்பதைத் தொட்டுவிட்டேன். படி ஏறினால் முழங்கால் தன் பாட்டுக்குக் கதைக்கிறது. இந்த வயதில் சின்ன வயதுப் பொய் ஒன்றை ஒப்புக்கொண்டால் பெரிதாக நட்டம் வராது. பொய் சொன்னது அம்மாவிடம். பத்து வயதில், மெல்பேர்ணில் நாங்கள் குடியிருந்த நோபல் பார்க்கில், ஒரு வசந்த காலத்தில்.

எனக்கு அப்போது முட்டு இருந்தது. ஆஸ்துமா என்று டொக்டர் சொன்னார், எங்கள் வீட்டில் முட்டு என்றுதான் பெயர். புல் பூக்கிற மாதங்களில் மெல்பேர்ண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வடக்குக் காற்று ஒரு நாள் அடித்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தும்மும். மற்றப் பிள்ளைகளுக்கு மூக்கு ஓடும், எனக்கு நெஞ்சு இறுகும். இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பெண்பிள்ளைக்கு முட்டு என்று தெரிந்தால் பிறகு கலியாணம் பேசுகிற நேரம் ஆட்கள் கதைப்பார்களாம். எனக்குப் பத்து வயது. பல்லே முழுதாக விழுந்து முளைக்கவில்லை.

அம்மா காருக்கு இருக்கை உறை தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். திங்கள் தொடக்கம் வியாழன் வரை பின்னேர ஷிப்ட். நான் பள்ளியால் வரும்போது அம்மா போயிருப்பார், நான் நித்திரையான பிறகு வருவார். அப்பாதான் பருப்பும் பொரித்த முட்டையும் தருவார். அப்பா நல்ல மனிதர், ஆனால் அவருக்குப் பின்னல் பின்னத் தெரியாது. நாலு நாளும் ரப்பர் வளையம் போட்டு இழுத்துக் கட்டிய தலையோடுதான் நான் பள்ளிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஷிப்ட் இல்லை. ஆனால் ஓவர்டைம் இருந்தது. ஒவ்வொரு வியாழனும் சூப்பர்வைசர் வந்து நாளைக்கு வருவாயா என்று கேட்பாராம். அம்மாவிடம் இருந்த ஆங்கிலம் கொஞ்சம். "வெள்ளி, மகள், தலை" என்று மூன்று சொல்லைச் சொல்லித் தன் தலையில் கையை வைத்துக் காட்டுவாராம். மகளுக்குத் தலையில் ஏதோ பெரிய வருத்தம் என்று அந்த மனிதர் நினைத்து, மிகவும் இரக்கமாக விட்டுவிடுவாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மை என்னவென்றால், வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா எனக்கு முழுக வார்ப்பார்.

பள்ளியால் வந்ததும் நல்லெண்ணெய். பிறகு அரைத்த வெந்தயம். பிறகு சுடுதண்ணீர். அதன் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். அப்பா பால்மா வந்த ஒரு தகரப் பேணியில் ஆணியால் சுற்றிவர ஓட்டை போட்டு, கம்பியில் கைபிடி கட்டிக் கொடுத்திருந்தார். பார்பிகியூவுக்கு விற்கிற கரித்துண்டைக் குசினியில் காஸ் அடுப்பில் சிவக்க வைத்து, அதைப் பேணிக்குள் போட்டு, நுணுக்கிய சாம்பிராணியை ஒரு பிடி தூவுவார் அம்மா. அதன் மேலே உடுப்புக் கூடையைக் கவிழ்த்து வைப்பார். நான் பாயில் மல்லாந்து படுக்க, என் தலைமயிரைக் கூடையின் மேல் விரித்துவிடுவார். நீலப் பிளாஸ்டிக் கூடை. அடியில் ஓரிடம் உருகி, தோசை அளவில் கருகிய வட்டம் இருந்தது.

குளிர் வரக் கூடாது என்று யன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். புகை கூடையின் ஓட்டைகளால் வந்து மயிருக்குள் ஏறும். அம்மாவின் விரல்கள் மயிரைப் பிரித்துப் பிரித்து விடும். தையல் மெஷின் பிடித்த கை, விரல் நுனி சொரசொரவென்று இருக்கும், காதுக்குப் பின்னால் படும்போது கூசும். தொழிற்சாலைக் கதையெல்லாம் அப்போதுதான் வரும். யார் யாரோடு கோபம், யார் சாப்பாட்டு நேரத்தில் அழுதது, எந்த மெஷின் யாருக்கு ஆகாது. பெரிய ஆளோடு கதைப்பது போல என்னோடு கதைப்பார். வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம் அம்மா முழுக்க எனக்கு.

அந்த மணித்தியாலம் முடியும் நேரத்தில் என் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கத் தொடங்கும். சனிக்கிழமை விடிய அது முட்டாகிவிடும். ஈரத்தலையால்தான் வருகிறது, இன்னும் நன்றாகக் காய வேண்டும் என்று அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பிடி கூடத் தூவுவார். புகைதான் செய்கிறது என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். மூச்சு என்னுடையது அல்லவா. ஆனால் புகை நின்றால் முழுக்கு நிற்கும், முழுக்கு நின்றால் அம்மா ஓவர்டைமுக்குப் போய்விடுவார். கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் எல்சல்வடோர் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தார். எனக்கு எல்சல்வடோர் அன்ரி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது, ஆனாலும் நாள் முழுக்கக் கதைப்பார்கள். ஒரு நாள் அந்த அன்ரி தன் நெஞ்சில் கையை வைத்து, ஈ ஈ என்று இழுத்து மூச்சு விட்டுக் காட்டி, கையைத் தன் மகனின் உயரத்துக்குப் பிடித்தாராம். அம்மாவும் நெஞ்சில் கையை வைத்து, என் உயரத்துக்குக் கையைப் பிடித்தாராம். அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த சமூக சுகாதார நிலையத்தில் நின்றோம்.

அது லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று நடந்த ஆஸ்துமா வகுப்பு. எல்லாம் ஸ்பானிஷ். நடத்தியது சிலி நாட்டிலிருந்து வந்த ஒரு நேர்ஸ் அன்ரி. குள்ளம், பெரிய கைப்பை, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த நடை. தமிழில் அப்படி ஒரு வகுப்பு அப்போது இல்லை. இருந்திருந்தாலும் அம்மா போயிருக்க மாட்டார். அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்பதுதான் அவருக்கு அதில் பிடித்தது. அதனால் நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வராமல் போனேன். ஊருக்குப் போய்விட்டேன் என்று நீங்கள் நினைத்தீர்களாம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ்காரரோடு ஊதிக்கொண்டிருந்தேன்.

ஊதுவதுதான் அங்கே முதல் வேலை. பிளாஸ்டிக் குழல் ஒன்று, அதன் மேல் இலக்கம், நடுவில் சிவப்பு ஊசி. மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் ஊசி ஓடி ஓரிடத்தில் நிற்கும். பையன்கள் அதை ஓட்டப் பந்தயமாக்கிவிட்டார்கள். எல்சல்வடோர் அன்ரியின் மகன் ஊதும்போது கண் பிதுங்கும், காது சிவக்கும். வீட்டிலும் தினமும் ஊதி, ஒரு தாளில் பெட்டிக்குள் நிறம் தீட்ட வேண்டும். நல்ல இலக்கத்துக்குப் பச்சை, குறைந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. மருந்துப் பம்பை வாயில் நேரே அடிக்காமல், பெரிய குடுவை ஒன்றில் பொருத்தி மெதுவாக இழுக்கப் பழக்கினார்கள். நோய் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டிய பம்ப் ஒன்று உண்டு என்று எங்களுக்குத் தெரிந்ததே அங்கேதான். அதுவரை அம்மா அதை, தீர்ந்துவிடும் என்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

நேர்ஸ் அன்ரி ஸ்பானிஷில் சொல்லி முடித்துவிட்டு, எனக்காக ஒரு முறை ஆங்கிலத்தில் சொல்வார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். மற்ற அம்மாக்கள் கேட்பதையும் அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொல்வார். என்ன ஆச்சரியம் என்றால், அவர்களுடைய பயமெல்லாம் எங்கள் வீட்டுப் பயங்கள். ஈரத்தலையோடு வெளியே போகக் கூடாது. வெறுங்காலோடு குளிர் நிலத்தில் நடக்கக் கூடாது. பம்ப் பழக்கமாகிவிடும். ஒரு அம்மா உள்ளங்காலில் தைலம் பூசிக் காலுறை போட்டுவிடுவாராம். அதைக் கேட்டு எங்கள் அம்மா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கும் பூசினார்.

மூன்றாவது வாரம் நேர்ஸ் அன்ரி என் தாளை நெடுநேரம் பார்த்தார். மற்ற நாளெல்லாம் பச்சை. சனிக்கிழமை மட்டும் மஞ்சள், வாரா வாரம். வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, ரிவியில் படம் பார்ப்போம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, அப்படியென்றால் அடுத்த வெள்ளி நானும் ரிவி பார்க்க வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிய பிறகு, வெயில் நன்றாக இருந்த பின்னேரம். கதவைத் திறந்ததும் புகை அவருடைய முகத்தில் அடித்தது. அவர் இரண்டு தும்மல் போட்டார். பேணியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், ஈரத்தலையோடு நின்ற என்னைப் பார்த்தார். அம்மா அவரைக் கதிரையில் இருத்திப் பால்தேத்தண்ணீரும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தார். எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, அன்ரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். இந்தப் புகைதான் உன் மூச்சுக் குழாயை இறுக்குகிறது. என் ஊரிலும் அம்மாமார் வீட்டுக்குள் இப்படிப் புகைப்பார்கள், அன்பில்தான் செய்வார்கள். தலையை வேறு எப்படியும் உலர்த்தலாம், புகை மட்டும் வேண்டாம். இதை அம்மாவிடம் நல்ல விதமாகச் சொல் என்றார்.

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. எவ்வளவு கெட்டிக்காரி அந்த அன்ரி. எங்கள் டொக்டர் கண்டுபிடிக்காததை மூன்று வாரத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அதைச் சொல்லும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நீங்களும் உங்கள் அப்பா அம்மாவுக்கு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வாயாக நின்றவர்கள்தானே. பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு விருப்பம் இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், "தூசியாம் அம்மா. மெத்தையிலயும் பொம்மையிலயும் இருக்கிற தூசியாலதானாம் முட்டு வருது."

அம்மா நேர்ஸ் அன்ரியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்ரியும் திருப்தியாகப் போய்விட்டார்.

அடுத்த நாள் தொடங்கியது தூசிப் போர். மெத்தைகள் வெளியே போய் வெயிலில் கிடந்தன. திரைச்சீலைகளை அம்மா தோய்த்துப் போட்டார். அப்பா கம்பளத்தைத் தட்டித் தட்டித் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் ஒரு கரடிப் பொம்மை இருந்தது. ஒரு காது பிய்ந்து நூலில் தொங்கும், வயிற்றில் கறிக் கறை. பொம்மையைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் தூசிப் பூச்சி செத்துப்போகும் என்று வகுப்பில் சொன்னதை அம்மா ஞாபகம் வைத்திருந்தார். கரடி உறைந்த மீன் பொட்டலங்களுக்கு நடுவில் மூன்று நாள் படுத்திருந்தது. வெளியே எடுத்தபோது அதில் வந்த வாடையை அம்மாவின் எந்தச் சவர்க்காரத்தாலும் போக்க முடியவில்லை. குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. பொய் சொன்னதற்கு நல்ல தண்டனைதான், வாயைத் திறந்து அழவும் முடியவில்லை.

இவ்வளவு துப்புரவாக்கியும் பிள்ளைக்குச் சுகமில்லையே என்று அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணியை இரண்டு பிடியாக்கினார். சனிக்கிழமை காலையில் நான் வகுப்புக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடி போட்டு மருந்து ஆவியை இழுத்தபடி படுத்திருந்தேன். முகமூடியில் புதுச் செருப்பு மணம் வந்தது. அம்மா என் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் கட்டிய சேலை அப்படியே இருந்தது. நான் கண்ணை மூடி நித்திரை மாதிரிக் கிடந்தேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அம்மா ஷிப்டுக்குப் போகவில்லை. அதனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முழுக்கு இல்லை, புகை இல்லை. அப்பா ரப்பர் வளையம் போட்டார். சனிக்கிழமை வகுப்பில் நான் ஊதினேன். ஊசி ஒருநாளும் போகாத இடத்துக்குப் போனது. பையன்கள் கைதட்டினார்கள். எல்சல்வடோர் அன்ரி என்னைத் தூக்கிக் கொஞ்சினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நிறத் தாளைக் கையில் எடுத்து, சனிக்கிழமைப் பெட்டிகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், சிவப்பு, பச்சை. அம்மாவுக்கு ஆங்கிலம்தான் தெரியாது. நிறம் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. எண்ணெய் வைத்தார், முழுக வார்த்தார். பாயை விரிக்கவில்லை. பின்பக்கத்து யன்னல் இரண்டையும் திறந்து, வெயில் விழுகிற இடத்தில் கதிரையைப் போட்டு என்னை இருத்தினார். துவாயால் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

"அண்டைக்கு அந்த மனுசி வந்து உண்மையில என்ன சொன்னவா?"

"தூசி எண்டு..."

"பிள்ளை."

"புகை எண்டு சொன்னவா."

துவாய் நின்றது. ஒரு அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை.

"ஏன் எனக்கு மாத்திச் சொன்னனீ?"

"சொன்னால் நீங்கள் வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போயிடுவீங்கள்."

அம்மா என் முன்னால் வரவில்லை. பின்னாலேயே நின்றார். அதனால் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. துவாய் மட்டும் திரும்ப அசையத் தொடங்கியது, முதல் இருந்ததை விட மெதுவாக. பின்னலை இறுக்கிப் பின்னி, நுனியில் ரிப்பன் கட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அடுத்த வெள்ளி என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இனி என்னை நம்பமாட்டார், ஓவர்டைமுக்கு ஓம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வகுப்பில், எல்லாரும் ஊதி முடித்த பிறகு, அம்மா கையை உயர்த்தினார். அங்கே அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. இண்டைக்கு ஒண்டையும் மாத்தாதை."

என் காது சுட்டது. தலையை ஆட்டினேன்.

அம்மா ஒரு வசனம் சொல்வார். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். நேர்ஸ் அன்ரி அதை ஸ்பானிஷில் சொல்வார். மூன்று மொழி கடந்து போய்ச் சேரும்வரை அம்மா காத்து நிற்பார். என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போனது என் கையால்தான் என்றார். தலை காயப் புகை போட்டேன், வருத்தம் கூடக்கூடப் புகையையும் கூட்டினேன் என்றார். உங்கள் வீட்டிலும் புகைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்றார். பின் வரிசையில் ஒரு அம்மா தன் மகனைப் பார்த்துவிட்டு, தானும் தினம் சாமி படத்துக்கு முன்னால் ஏதோ பிசினைப் புகைப்பதாகச் சொன்னார். எல்சல்வடோர் அன்ரி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முடிந்துவிட்டது என்று நினைத்து நான் உட்காரப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் ஒண்டு இருக்கு. என்ர பிள்ளை எனக்குப் பொய் சொன்னவள். என்னோட ஒரு மணித்தியாலம் இருக்கிறதுக்காக மூச்சு முட்ட முட்டப் பொய் சொன்னவள். புகை இருந்தாலும் இல்லாட்டியும் வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகமாட்டன். அதையும் இவையளுக்குச் சொல்லு."

அம்மா வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன, அந்தச் சனங்களுக்கு அது தேவையில்லாத விஷயம். அது எனக்குச் சொன்னது. என் வாயாலேயே நான் கேட்க வேண்டும் என்று சொன்னது. நேர்ஸ் அன்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவசரப்படுத்தவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.